சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: குறைந்த செலவில் நல்ல ஒயின்

வாசகர் ஒருவரின் கருத்து, மார்ச் 2

குறைந்த விலையில் நல்ல ஒயின் கிடைக்கும் என்பது, வசதியில்லாதவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்று மாதங்களாக, வாரம் ஒன்று என்ற கணக்கில், கடை அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கும் மலிவானவற்றையே வாங்கிப் பார்த்தேன். நாடு வேறு, திராட்சை வேறு, லேபிளில் இருந்த படமும் வேறு. நாக்குக்கு மட்டும் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன: கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் வனிலா வாசனை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சென்ற மாதம் உறவினர் ஒருவர் திறந்த விலையுயர்ந்த புட்டியிலிருந்து அரைக் கோப்பை குடித்த பிறகு, மாதம் நான்கு வாங்குவதை விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை நல்லதாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

என் மறுமொழி, மார்ச் 2, இரவு

பாதி சரி, பாதி தவறு. கீழ்த்தட்டுப் புட்டிகள் பெரும்பாலும் ஏமாற்றும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கிருந்து நேரே மேல்தட்டுக்குத் தாவ வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பார்களே, கீழ்த்தட்டு ஒயினின் விலை அச்சு அசலாக அந்தக் கணக்குதான். கண்ணாடிப் புட்டி, தக்கை, லேபிள், அட்டைப் பெட்டி, கப்பல் கூலி ஆகியவற்றுக்கு, உள்ளே இருப்பது எதுவானாலும், ஏறக்குறைய ஒரே செலவுதான் ஆகிறது. பல நாடுகளில் மதுவின் மீதான தீர்வைகூட விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை, அளவைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. இவை எல்லாம் போக, மிகக் குறைந்த விலைப் புட்டியில் திராட்சைக்கும் அதை ஒயினாக்கியவரின் உழைப்புக்கும் மிஞ்சுவது சொற்பம். ஒரு படி மேலே போனால் சுமைகூலி அவ்வளவாக ஏறுவதில்லை. கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் சுண்டைக்காய்க்கே போகிறது. கீழ்த்தட்டிலிருந்து அந்த ஒரு படி ஏறும்போது சுவையில் தெரியும் வித்தியாசம், அதற்கு மேல் ஐந்து படி ஏறினாலும் எனக்குத் தெரிந்ததில்லை.

மார்ச் 2, நள்ளிரவு

'முழுவதும்' என்று எழுதியது மிகை. இடையில் இருக்கும் வணிகர்களின் லாபம் விழுக்காட்டுக் கணக்கில் வருவது. விலை ஏறினால் அதுவும் கூடவே ஏறும். 'கணிசமான பகுதி' என்று திருத்தி வாசிக்கவும். வாதம் மாறவில்லை.

மார்ச் 4

'எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன' என்ற புகாரை நேற்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அது கற்பனையன்று என்பதற்குக் காரணம் இருக்கிறது.

வனிலா வாசனை பெரும்பாலும் திராட்சை தருவதன்று, ஓக் மரம் தருவது. ஓக் பீப்பாய் ஒன்று வழக்கமாக 225 லிட்டர் கொள்ளும். 750 மில்லிலிட்டர் கணக்கில் அது 300 புட்டிகள். புதிய பீப்பாயின் விலையை அந்த 300 புட்டிகள் சுமக்க வேண்டும்; சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு மரத்தில் மணமும் தீர்ந்துவிடும். கீழ்த்தட்டு ஒயினால் இந்தச் சுமையைத் தாங்க முடியாது. ஆகவே எஃகுத் தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் ஓக் சீவல்களை ஊறவைத்து அந்த மணத்தை ஏற்றுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இதற்கு இடமளித்தது. அதற்கு முன்பே வேறு நாடுகளில் இது நடைமுறையில் இருந்தது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாரும் ஒரே சீவலை ஊறவைத்தால் எல்லா ஒயினிலும் ஒரே வாசனைதானே வரும்? இனிப்பும் அப்படித்தான். கொடிகள் அளவுக்கு மீறிக் காய்த்தால் சாறு நீர்த்துப்போகும். அந்த மெலிவை, நொதிக்காமல் சிறிதளவு எஞ்சிய சர்க்கரை போர்த்தி மறைத்துவிடும்.

இதிலிருந்து எனக்கென்று நான் வகுத்துக்கொண்ட விதி ஒன்றே: விலையுயர்ந்த ஒயினைப்போல வேடம் போடும் ஒயினை வாங்குவதில்லை. மரமே தேவைப்படாத, இளமையிலேயே குடிப்பதற்கென்று ஆக்கப்பட்ட ஒயின்களில் பணம் பீப்பாய்க்குப் போவதில்லை. பிரான்ஸில் லுவார் ஆறு கடலில் கலக்கும் நான்ட் நகர்ப்பக்கத்து வெள்ளை ஒயினான மஸ்கடே அப்படிப்பட்டது. நொதித்து முடிந்தபின் அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலின் மேலேயே சில மாதங்கள் கிடந்து, மரத்தின் உதவியில்லாமலே அது கொஞ்சம் கனம் பெறுகிறது. வடக்குப் போர்ச்சுகலின் வின்யோ வெர்தே இன்னொன்று. சிவப்பில் என் வாக்கு பிரான்ஸின் போஜோலேக்கு. அதன் திராட்சையான காமேயைப் பர்கண்டியின் கோமகன் துணிவுள்ள பிலிப் 1395இல் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். கோமகன்கள் விரட்டிய திராட்சைகள் நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல நண்பர்கள்.

மார்ச் 7

அடுத்து, பெயருக்குக் கொடுக்கும் பணம். விலையை ஏற்றுவதில் பீப்பாயைவிட வலியது நிலத்தின் புகழ்தான். பிரான்ஸின் போர்தோ பகுதியில் புகழ்பெற்ற தோட்டங்களை ஐந்து படிகளாக வரிசைப்படுத்திய பட்டியல் 1855இல் போடப்பட்டது. 1973இல் மூத்தோன் ரோட்ஷில்ட் தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு உயர்த்தப்பட்டது ஒன்றுதான் அதில் நடந்த ஒரே மாற்றம். இடையில் தோட்டங்கள் கைமாறின, நிலங்கள் பிரிந்தன, சேர்ந்தன, ஆக்கும் முறைகளும் மாறின. படி மட்டும் மாறவில்லை. அந்தப் படிக்கும் சேர்த்தே நாம் காசு கொடுக்கிறோம்.

புகழ்பெற்ற நிலத்தின் பக்கத்து நிலத்தைப் பார்ப்பதே என் வழக்கம். நுரைக்கும் ஒயின் வேண்டுமானால் க்ரெமான் என்ற சொல்லைத் தேடுகிறேன். ஷாம்பெயினைப் போலவே புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்து ஆக்கப்படும் இது ஆல்சாஸ், லுவார், பர்கண்டி, லிமூ முதலிய பகுதிகளிலிருந்து வருகிறது. குறைந்தது 9 மாதம் வண்டலோடு கிடக்க வேண்டும் என்பது அதற்குரிய விதி. ஷாம்பெயின் வெளியே வருவதற்குக் குறைந்தது 15 மாதம் ஆக வேண்டும். அந்தக் கூடுதல் மாதங்கள் சுவையில் தெரியாது என்று சொல்ல மாட்டேன், தெரியும். ஆனால் விலையில் இருக்கும் இடைவெளி மாதங்களின் இடைவெளி மட்டுமன்று.

மார்ச் 8

1855 பட்டியலில் மாற்றம் ஒன்றுதான் என்று நேற்று அடித்துச் சொன்னேன். கான்ட்மெர்ல் தோட்டம் 1856இல் பின்னால் ஒட்டப்பட்டதை ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. ஆக, நூற்றெழுபது ஆண்டுகளில் ஒன்றன்று, இரண்டு. வேகத்தைப் பாருங்கள்.

மார்ச் 8, மாலை

பெயர்களைப் பற்றிப் பேசும்போது என் அசட்டுத்தனத்தையும் எழுதிவிடுகிறேன். இத்தாலியின் டஸ்கனி பகுதியில் மோன்டேபுல்சானோ என்றொரு மலையூர் இருக்கிறது. அங்கே ஆகும் 'வினோ நோபிலே' பெயர்பெற்ற சிவப்பு ஒயின். அதைப் பற்றி எங்கோ படித்து ஆசைப்பட்டிருந்த எனக்கு, ஒருநாள் அலமாரியில் மோன்டேபுல்சானோ என்ற சொல் பெரிய எழுத்தில், நம்ப முடியாத விலையில் கண்ணில் பட்டது. கடைக்காரருக்குத் தெரியாமல் தங்கத்தைத் தகர விலைக்கு அள்ளுவதாக நினைத்து மூன்று புட்டிகள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து நிதானமாகப் படித்தபோது, அது மோன்டேபுல்சானோ தப்ருட்ஸோ. அங்கே மோன்டேபுல்சானோ என்பது ஊரின் பெயரன்று, திராட்சையின் பெயர். விளைவது டஸ்கனியில் அன்று, இத்தாலியின் இன்னொரு பகுதியான அப்ருட்ஸோவில். டஸ்கனி ஊரின் ஒயினோ பெரும்பாலும் சான்ஜோவேசே திராட்சையில் ஆவது. பெயர் ஒன்று என்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை.

மூன்று புட்டிகளையும் குடித்துத் தீர்த்தேன். இருண்ட பழச்சுவை, அதிகம் உறுத்தாத துவர்ப்பு, கேட்ட விலைக்கு மேலேயே இருந்தது. அதன்பிறகு தெரிந்தே வாங்குகிறேன். தவறி விழுந்த இடத்தில் கிடைத்த ஒயின்.

மார்ச் 12

நேற்று வீட்டில் ஒரு சோதனை நடத்தினேன். மூன்று சிவப்பு ஒயின்கள்: ஒன்று கீழ்த்தட்டு, ஒன்று அதற்கு ஒரு படி மேலே, ஒன்று யானை விலை குதிரை விலை சொல்லும் வகை. என் மைத்துனர் மூன்றையும் அடுக்களையில் வைத்துத் திறந்து, கழுத்துவரை செய்தித்தாளைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, அ, ஆ, இ என்று எழுதிக்கொண்டுவந்தார். தக்கையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன் என்று தக்கைகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்; இவ்வளவு முன்யோசனையை அவரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. நான்கு பேர் சுவைத்தோம், பேசாமல், தாளில் மட்டும் எழுதினோம்.

நான் 'இ'க்கு முதலிடம் கொடுத்து, 'நீண்டு நிற்கிறது, இதுதான் விலை கூடியது' என்று அடிக்கோடிட்டு எழுதினேன். தாளை உரித்தபோது 'இ' நடுத்தரம். விலையுயர்ந்தது 'அ'. அதை நால்வரில் மூவர் கடைசியில் வைத்திருந்தோம். மைத்துனர் அன்று இரவு முழுவதும் 'நீண்டு நிற்கிறது' என்ற தொடரை உப்பு, விளக்கு, தொலைக்காட்சி என்று எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் எனக்கு அதிக வெட்கமில்லை. 2008இல் வெளியான ஆய்வொன்று, அமெரிக்காவில் லேபிளை மறைத்து நடத்திய 6,000க்கும் மேற்பட்ட சுவைத்தல்களைத் தொகுத்துப் பார்த்தது. விலை தெரியாத நிலையில் சாதாரண மக்கள் விலையுயர்ந்த ஒயினைச் சற்றுக் குறைவாகவே ரசித்தார்கள் என்பது அதன் முடிவு. அதே ஆண்டில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் ஒரே ஒயினை இரு வேறு விலை சொல்லிக் கொடுத்து, குடிப்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். விலை கூடுதலாகச் சொல்லப்பட்டபோது 'நன்றாக இருக்கிறது' என்று வாய் சொன்னதோடு, இன்பத்தை உணர்வதோடு தொடர்புடைய மூளைப்பகுதியும் கூடுதலாக இயங்கியது. அதாவது பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே இனித்தது. முதற்பதிவிட்ட நண்பர் தம் உறவினர் வீட்டு அரைக் கோப்பையை இந்த வெளிச்சத்தில் மறுபடி நினைத்துப் பார்க்கலாம். புட்டி மேசைக்கு வருமுன்பே விலையைச் சொல்லிவிட்டார்களா?

மார்ச் 13

நேற்று எழுதியதில் பாதியை நானே திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

அந்த 6,000 சுவைத்தல்களின் முடிவு பயிற்சியில்லாதவர்களுக்குத்தான் பொருந்தும். பயிற்சி பெற்றவர்களிடம் விலையும் விருப்பும் சேர்ந்து ஏறுவதற்கான அறிகுறி இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டது எனக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துப் பேசியதாகும்.

இரண்டாவது குறை எங்கள் அடுக்களையில் நடந்தது. இன்று காலை மைத்துனரிடம் துருவிக் கேட்டபோது தெரிந்தது: 'இ' குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து வந்திருக்கிறது. 'அ'வோ காலையிலிருந்தே அடுப்புக்குப் பக்கத்து மேடையில் நின்றிருந்திருக்கிறது. நாங்கள் ஒப்பிட்டது ஒயின்களையா, வெப்பநிலைகளையா என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 15

மறுபடி செய்தோம். அதே மூன்று வகையில் புதிய புட்டிகள் (இந்தச் சோதனையே என் மாதச் செலவைத் தின்றுவிட்டது என்பதை முரண்நகையாகக் கருதிக்கொள்ளவும்), மூன்றும் குளிர்பதனப் பெட்டியில் ஒரே நேரம் இருந்தவை. இம்முறை விலையுயர்ந்தது முதலிடம், நடுத்தரம் மயிரிழையில் இரண்டாமிடம், கீழ்த்தட்டு வெகுதூரத்தில் மூன்றாமிடம். ஒரே ஒரு படியில் பெரிய பாய்ச்சல், அதற்கு மேலே மெல்லிய ஏற்றம். முதல் நாள் சொன்ன கணக்குதான் இது. ஆனால் 'வித்தியாசமே தெரிந்ததில்லை' என்று அன்று எழுதியதை இனிமேல் எழுத மாட்டேன். தெரிந்தது.

இந்தச் சோதனை எனக்குக் கற்றுக்கொடுத்தது வெப்பத்தைப் பற்றித்தான். சிவப்பு ஒயினை 'அறை வெப்பநிலையில்' குடிக்க வேண்டும் என்ற அறிவுரை, குளிர்நாடுகளில் அறைகள் 16 முதல் 18 டிகிரியில் இருந்த காலத்தைச் சேர்ந்தது. 28 டிகிரியில் ஊற்றினால் எந்தச் சிவப்பும் சாராயம்போலத்தான் மூக்கில் ஏறும். பழமணம் அதற்குள் அமுங்கிப்போகும். மெல்லிய, விலை குறைந்த ஒயினுக்கு அந்த அடியைத் தாங்கும் உடம்பும் இல்லை. அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் அதே ஒயின் நிமிர்ந்து உட்காரும். அறை மிகச் சூடாக இருந்தால் இன்னும் பதினைந்து நிமிடம். வெள்ளையில் நிலைமை தலைகீழ். நேரே 4 டிகிரியிலிருந்து எடுத்து ஊற்றினால் குளிர்ச்சியைத் தவிர வேறெதுவும் நாக்குக்கு எட்டாது; 8 முதல் 12 டிகிரி போதும். மோசமான வெள்ளை ஒயினை மட்டும் கடுங்குளிரில் குடியுங்கள், அதற்கு அது உதவி.

மார்ச் 16

கோப்பை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். திராட்சைக்கு ஒரு கோப்பை என்று வரிசையாக வாங்க வேண்டியதில்லை. வாய் சற்றுக் குறுகிய, விளிம்பு மெல்லிய, காம்புள்ள ஒரே வகை போதும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், மணம் தங்க இடம் வேண்டும். என்னிடம் இருந்த ஆறில் நான்கு உடைந்துவிட்டன. இப்போது அதிகம் பேரைக் கூப்பிடுவதில்லை.

மார்ச் 19

மாதம் நான்கு புட்டி வாங்கி ஒன்றைச் சாக்கடையில் ஊற்றினால் மற்ற மூன்றின் விலையும் ஏறிவிடுகிறது. தனியாகவோ இருவராகவோ குடிப்பவர்களுக்கு இதுதான் பெரிய கசிவு. நான் பல ஆண்டுகள் பாதிப் புட்டியில் தக்கையைத் திருப்பிச் சொருகி மேடையில் நிறுத்தி, நான்காம் நாள் எடுத்து, காடி வாசனை வந்ததும் தயாரித்தவரைத் திட்டியிருக்கிறேன்.

பாதியைக் குடித்தபின் மூடுவது தவறு. அதற்குள் காற்று போதுமான அளவு உள்ளே போய்விட்டது. 375 மில்லிலிட்டர் கொள்ளும் திருகுமூடிப் புட்டி ஒன்றைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். பெரிய புட்டியைத் திறந்தவுடனே, ஒரு வாய்கூடக் குடிப்பதற்கு முன், சிறிய புட்டியில் கழுத்தின் விளிம்புவரை ததும்ப ஊற்றுவேன். மூடியைத் திருகும்போது ஒன்றிரண்டு சொட்டு வழிந்து விரலை நனைக்க வேண்டும். வழியவில்லை என்றால் உள்ளே காற்று இருக்கிறது என்று பொருள். அதைத் துடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டால், சிவப்பானாலும் வெள்ளையானாலும், ஒரு வாரம் கழித்துத் திறக்கும்போது முதல்நாள் சுவைக்கு மிக அருகில் இருக்கிறது. நுரைக்கும் ஒயினுக்கு இது ஆகாது. அதன் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்ற நம்பிக்கையால் எந்தப் பயனுமில்லை; இறுக்கிப் பிடிக்கும் மூடி வேண்டும்.

திறந்து வைத்தாலும் பொறுமை காக்கும் ஒயின்களும் இருக்கின்றன. போர்ச்சுகலின் மடேரா தீவு ஒயின் ஆக்கப்படும்போதே சூட்டையும் காற்றையும் பார்த்துவிட்டதால், திறந்தபின் மாதக்கணக்கில் நிற்கும். வாரம் ஒரு சிறு கோப்பை குடிப்பவருக்கு அதன் விலை உண்மையில் அதிகமன்று. ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதியில் ஆகும் ஃபினோ ஷெர்ரி ஒயினையும் அதே கூட்டத்தில் சேர்த்து ஏமாந்துவிடாதீர்கள். சாராயம் சேர்த்து வலுவூட்டப்பட்டதுதான், ஆனாலும் ஒரு வாரத்தில் வாடிவிடும்.

மார்ச் 19, பின்னர்

பெட்டி ஒயினை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். கௌரவம்தான் காரணம், வேறென்ன. அட்டைப் பெட்டிக்குள் பையில் ஒயினை அடைக்கும் முறைக்குத் தெற்கு ஆஸ்திரேலியாவின் தாமஸ் ஆங்கோவ் 1965இல் காப்புரிமை பெற்றார். ஊற்ற ஊற்றப் பை சுருங்கிக்கொள்வதால் காற்று உள்ளே புக இடமில்லை, வாரக்கணக்கில் கெடாது. கண்ணாடிக்கும் அதைச் சுமக்கும் கூலிக்கும் கொடுக்கும் பணமும் மிச்சம், ஆகவே சுண்டைக்காய்க் கணக்கின்படி இதுவே நேர்மையான விலை. குறை என்னவென்றால், நல்ல ஒயினை இதில் அடைக்கத் துணிபவர்கள் குறைவு. பையில் நெடுங்காலம் வைத்திருக்கவும் முடியாது. அடைத்த தேதியைப் பார்த்து வாங்கவும்.

மார்ச் 23

கடை ஒன்றில் 'பாதி விலை' என்று எழுதி வாசலருகே குவித்திருந்த வெள்ளை ஒயினில் இரண்டு வாங்கினேன். இளமையில் குடிக்க வேண்டிய வகை. லேபிளில் ஆறு ஆண்டுக்கு முந்தைய அறுவடை. பார்த்தேன், பார்த்தும் வாங்கினேன். மாலை வெயில் கண்ணாடி வழியாக அந்தக் குவியலின் மேல் விழுவதையும் பார்த்தேன். வீட்டில் ஊற்றியபோது வைக்கோல் நிறம் போய்ப் பழுப்பேறி, வெட்டி வைத்த ஆப்பிள் கறுத்த வாசனை. பாதி விலை கொடுத்தேன் என்பதைவிட, முழு விலையையும் இழந்தேன் என்பதே உண்மை. தள்ளுபடி ஏன் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

மார்ச் 27

லேபிள் சொற்கள். 'பழங்கொடிகள்' என்று பொருள்படும் 'வியெய் வீன்ய்' என்ற பிரெஞ்சுத் தொடருக்கு அங்கே சட்ட வரையறை கிடையாது; எத்தனை வயதுக் கொடி என்பது எழுதியவரின் மனச்சாட்சியைப் பொறுத்தது. 'ரிசர்வ்' என்பதும் பல நாடுகளில் வெறும் அலங்காரம். ஸ்பெயினின் ரியோஹாவில் மட்டும் அதைப் படித்தால் பயனுண்டு. அங்கே சிவப்பு ரெசர்வா என்றால் மொத்தம் மூன்று ஆண்டு, அதில் குறைந்தது ஓராண்டு மரத்தில் இருந்திருக்க வேண்டும். மூப்படைந்த ஒயின் வேண்டும், ஆனால் நிலவறையும் இல்லை, பத்து ஆண்டு காத்திருக்கும் பொறுமையும் இல்லை என்ற என் போன்றவர்களுக்காக அவர்களே காத்திருந்து அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. காலிப் புட்டிகளை அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒன்று 410 கிராம், ஒன்று 905 கிராம். இரண்டிலும் இருந்தது அதே 750 மில்லிலிட்டர். கனத்த கண்ணாடியால் ஒயினுக்கு ஒரு நன்மையும் இல்லை. கையில் எடுக்கும்போது 'அடேயப்பா' என்று நமக்குத் தோன்றுவது ஒன்றுதான் அதன் வேலை. கண்ணாடிக்கும் கூலிக்கும் சேர்த்துக் காசு போகிறது. இப்போதெல்லாம் கடையில் நான் புட்டியை எடுத்து எடை பார்ப்பதைச் சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் 6

முதற்பதிவிட்டவர் திரும்ப வந்திருக்கிறார். என் பேச்சைக் கேட்டு மஸ்கடே வாங்கினாராம். 'எலுமிச்சையைக் கல்லில் தேய்த்து நக்கியதுபோல இருந்தது' என்கிறார். விவரணை துல்லியம், எனக்கு அது பாராட்டு, அவருக்கு அது புகார். அங்கேதான் நான் சறுக்கினேன். அவர் ரசித்தது எது என்று கேட்காமலே எனக்குப் பிடித்ததைத் திணித்துவிட்டேன். உறவினர் வீட்டு ஒயின் மென்மையான, உருண்ட, துவர்ப்புக் குறைந்த சிவப்பாம். புளிப்பை விரும்பாதவரிடம் போய் மஸ்கடேயைப் புகழ்ந்திருக்கிறேன்.

அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது சிலி நாட்டுக் கார்மெனேர் திராட்சையின் சிவப்பு ஒயின். போர்தோவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலிக்குப் போன கொடி. அங்கே நெடுங்காலம் அதை மெர்லோ என்ற வேறு திராட்சை என்றே எண்ணி வளர்த்தார்கள். 1994இல் பிரெஞ்சுக் கொடியியல் அறிஞர் ழான்-மிஷேல் பூர்சிக்கோ தோட்டத்தில் நின்று பார்த்து, இது மெர்லோ அன்று என்று சொன்ன பிறகே உண்மை வெளியே வந்தது. நன்கு பழுத்த அறுவடையாக இருந்தால் மென்மைக்குக் குறைவிருக்காது. பழுக்காவிட்டால் பச்சிலை வாசனை அடிக்கும். போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கும் உண்டு. போர்ட் ஒயினுக்குப் பயன்படும் அதே திராட்சைகளில் ஆகும் சாதாரணச் சிவப்பு, போர்ட்டின் புகழ் நிழலில் குடத்திலிட்ட விளக்காக இருப்பதால் இன்னும் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது.

ஏப்ரல் 7

'ஆக நான்கா, ஒன்றா?' என்று விடாமல் கேட்கிறார். கீழ்த்தட்டில் நான்குக்குப் பதிலாக ஒரு படி மேலே மூன்று. மிச்சப்படும் சில்லறையை ஒதுக்கி வைத்து, நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை ஆறு பேர் சேர்ந்து அந்த யானை விலைப் புட்டியை வாங்குங்கள். 750ஐ ஆறால் வகுத்தால் 125. ஒருவருக்கு ஒரு முறையான கோப்பை. அவருடைய முடிவு மொத்தமும் தவறு என்று முதல்நாள் சொன்னேன். அந்த ஒரு புட்டி வேண்டும் என்பதில் அவர் சொன்னது சரி. அதைத் தனியாக வாங்க வேண்டும் என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏப்ரல் 7, சற்றுப் பின்

'மொத்தமும் தவறு' என்று நான் சொல்லவில்லை, 'பாதி சரி' என்றுதான் சொன்னேன் என்கிறார். மேலே போய்ப் பார்த்தேன். ஆமாம்.

மே 4

வாங்கினோம். மைத்துனர், அவருடைய நண்பர்கள் மூவர், நான், என் மனைவி, ஆக ஆறு பேர். பதினைந்து ஆண்டு மூப்புள்ள போர்தோ. 1855 பட்டியலில் ஐந்தாம் படி. இந்தமுறை செய்தித்தாள் சுற்றவில்லை, விலையும் எல்லாருக்கும் தெரியும், ஆகவே எங்கள் மூளைகள் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். 17 டிகிரியில் ஊற்றினோம். முதலில் ஈரமண், பிறகு பென்சில் சீவிய வாசனை, அரைமணி கழித்துத்தான் பழம். நான் நோட்டில் 'ஆறில் ஒரு பங்கு விலைக்கு மிக நன்று. முழு விலைக்கு வாங்க மாட்டேன்' என்று எழுதினேன். என் மனைவி தம் பங்கில் பாதியைக் குடித்துவிட்டு, அப்ருட்ஸோ புட்டி ஏதும் மீதி இருக்கிறதா என்று கேட்டார்.

எல்லாரும் போனபிறகு மைத்துனர் காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார். தராசு பீப் என்று ஒலித்தது.

'எண்ணூற்று எழுபது' என்றார். 'நீண்டு நிற்கிறது.'